தொட்டிலுக்குக் கேட்காத வசனம்

"உங்கள் குரலில் என்ன மென்மை ஐயா!" என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மென்மையாவது மண்ணாவது! அது உடைந்த குரல். நான் முன்கோபி, எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி என்பாள் என் சம்சாரம். ஆனால் அந்தக் குரல் எனக்குச் சோறு போட்ட கதையை எழுத உட்கார்ந்தால் கோபம் தங்க மாட்டேன் என்கிறது. கை தானாகக் கும்பிடப் போகிறது.

நாடகக் கம்பெனியில் அந்தக் காலத்தில் மைக் ஏது? திருச்செங்கோட்டுத் தேருக்கு மைதானத்தில் மேடை போட்டால், முன்னால் தரையில் ஒரு கூட்டம், அதற்குப் பின்னால் வண்டிகளை அவிழ்த்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் இன்னொரு கூட்டம். எங்கள் வாத்தியார், அதாவது கம்பெனி முதலாளி, நாடகம் தொடங்கியதும் கடைசி வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். பக்கத்தில் ஒரு கியாஸ் லைட் எரியும். வசனம் காதுக்கு எட்டவில்லை என்றால் தோள் துண்டை எடுத்து உயர்த்துவார். துண்டு ஏறினால் எங்கள் குரலும் ஏற வேண்டும். ராஜ்யம் பறிபோய் அழுகிற ராஜாவும் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டேதான் அழுவான்.

ராஜபார்ட்டாகப் பதினெட்டு வருஷம் அப்படிக் கத்தினேன். ஒரு மாசி மாதம் தொண்டை போயே போய்விட்டது. பாட வாயெடுத்தால் வெறும் காற்று. சித்தரத்தை, பனங்கற்கண்டு, பச்சை முட்டை என்று யார் என்ன சொன்னாலும் விழுங்கினேன். பேச்சு மட்டும் கரகரவென்று திரும்பி வந்தது, பாட்டு வரவில்லை. பாடாத ராஜபார்ட்டை வைத்துக்கொண்டு கம்பெனி என்ன செய்யும்? வாத்தியார் கண்கலங்கி அனுப்பிவைத்தார்.

பள்ளிபாளையத்தில் என் மாமனாருக்கு நாலு தறி ஓடிற்று. "ஒரு தறி சும்மாதானுங்க கெடக்குது மாப்ளே. வந்து உக்காருங்க, பழகிக்கலாம்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. தறியைக் கேவலமாக நினைத்தேன் என்று யாரும் எண்ண வேண்டாம். எனக்கு நடிப்பைத் தவிர ஒரு எழவும் தெரியாது, அதுதான் பயம்.

அந்தச் சமயத்தில்தான் சேலத்தில் ஏற்காடு ரோட்டுப் பக்கம் பேசும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழைய நாடகக்காரர் ஒருவர் சொல்லி எனக்கு ஓர் அப்பா வேஷம் கிடைத்தது. பாட்டே இல்லாத வேஷம். அன்றைய படத்தில் அதெல்லாம் அபூர்வம், என் அதிர்ஷ்டம். சம்சாரத்தையும் ஆறு மாதப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் ஒரு அறை பிடித்தேன்.

முதல் நாள் காட்சி இதுதான்: நாடு கடத்தப்பட்ட ராஜா, புறப்படும் முன் தொட்டிலில் தூங்குகிற மகளிடம் விடைபெறுகிறான். தொட்டிலில் துணி சுற்றிய மரப்பாச்சி கிடந்தது. டைரக்டர் "ஸ்டார்ட்" என்றதும் நான் பழக்கதோஷத்தில் கேமராவைப் பார்த்துச் சபைக்கு ஒரு கும்பிடு போட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சரி, ஒரு தடவைதானே என்று விட்டார்கள்.

இரண்டாம் தடவை வசனத்தைத் தொடங்கினேன். மெதுவாகத்தான் தொடங்கினேன், சத்தியமாக. ஆனால் கேமராவுக்குப் பின்னால் விளக்குப் பிடித்திருந்த ஆள், அந்தச் சூட்டில் பாவம், தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துண்டு மேலே போயிற்றா இல்லையா? என் குரலும் மேலே போயிற்று! "கண்ணே" என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு கத்தல். காதில் கருவி மாட்டியிருந்த ஒலிப்பதிவுக்காரர், சென்னைப் பட்டணத்து மனுஷர், அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு எழுந்தார்.

"ஐயா, மைக் உங்க தலைக்கு மேலதான் தொங்குது. யாரைக் கூப்பிடறீங்க?"

கடைசி வண்டிக்காரரை என்று எப்படிச் சொல்வது? மூன்றாம் தடவை, நாலாம் தடவை, ஐந்தாம் தடவை. துண்டு ஏற ஏற நானும் ஏறினேன். புண்ணான தொண்டை வேறு நடுவில் கிழிந்தது. டைரக்டர் உதவியாளரிடம் சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது: "சாப்பாட்டு நேரம் வரைக்கும் பார்ப்போம். தேறலைன்னா வேற ஆளைக் கூப்பிடு." எனக்கு மாமனார் வீட்டுத் தறிக்குழி கண்ணுக்குள் வந்து நின்றது.

என் சம்சாரம் தூக்குப்போசியில் கம்மஞ்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு குழந்தையோடு வந்திருந்தாள். மூலையில் உட்கார்ந்து, அழுத பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டி அப்போதுதான் தூங்கவைத்திருந்தாள். நான் ஆறாம் தடவை கத்தினேன். பிள்ளை வீரிட்டது. அவளுக்கு வந்ததே கோபம்! படமாவது, டைரக்டராவது.

"ஏனுங்க! இப்பத்தானுங்க தூங்க வெச்சேன். அந்த மரத்துக்கிட்டப் பேசறதுக்கு இத்தன சத்தமா? ஊட்டுல பேசறாப்புல பேசுனா ஆகாதுங்களா?"

எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஒலிப்பதிவுக்காரர்தான் முதலில் சிரித்தார். "காலையிலேருந்து நான் சொல்லத் தெரியாம தவிச்சதை அந்த அம்மா ஒரே பேச்சுல சொல்லிட்டாங்க" என்றவர், டைரக்டர் பக்கம் திரும்பினார். "அந்தப் பொம்மையை எடுத்துட்டு இந்தக் குழந்தையைப் போடுங்க. குழந்தை முழிச்சா காட்சி போச்சு. ஒரே ஒரு தடவை பார்த்துடலாம்."

அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டியதே இல்லை. நான் அவருக்கு மாமனா மச்சானா? சம்சாரம் பால் கொடுத்து, தட்டித் தூங்கவைத்து, தொட்டிலில் போட்டாள். டைரக்டர் வாயால் "ஸ்டார்ட்" சொல்லாமல் விரலைத்தான் ஆட்டினார். நான் பேசினேன். துண்டு ஏறிற்றா இறங்கிற்றா, யார் கண்டது? என் கண் குழந்தை முகத்தை விட்டு நகரவில்லை. நடுவில் ஓர் இடத்தில் பழைய வேகம் கிளம்பிற்று, உடனே பிள்ளையின் உதடு பிதுங்கிற்று. சட்டென்று அடக்கிக்கொண்டேன். "அப்பா வாரேன் சாமி" என்று முடிக்கும்போது எனக்கே என் குரல் கேட்கவில்லை. வசனத்தில் 'வருகிறேன் மகளே' என்றுதான் இருந்தது. வீட்டுப் பேச்சு வாயில் வந்துவிட்டது. அதையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

காட்சி முடிந்ததும் ஒருவர்கூடக் கை தட்டவில்லை. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்ததே!

வேஷம் நிலைத்தது. ஆனால் நிம்மதி வந்ததா? இல்லை. படம் வெளிவருகிற வரைக்கும் எனக்கு ஒரே அரிப்பு. எனக்கே கேட்காத வசனம் ஜனங்களுக்கு எங்கே கேட்கப்போகிறது? நாடகத்தில் குரல் இறங்கினால் "சத்தமாப் பேசு" என்று எங்கள் ஊர்ச் சனம் கூச்சல் போடும். படக் கொட்டகையிலும் அப்படிப் போட்டால் அத்தோடு நான் தீர்ந்தேன்.

நாமக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே டெண்ட் கொட்டகையில் படம் வந்தது. சம்சாரத்தையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போய்க் கடைசியில், மணலில், வாத்தியார் நின்றிருப்பாரே, அந்தத் தூரத்தில் உட்கார்ந்தேன். திரையில் தாடியும் கிரீடமும் வைத்திருந்ததால் என்னை ஒருவருக்கும் தெரியவில்லை. தொட்டில் வந்தது. திரையில் நான் வாயைத் திறந்ததும் பொறுக்க முடியாமல், பக்கத்தில் கூலிவேலை முடித்து வந்திருந்த ஓர் அம்மாளிடம் குனிந்தேன்.

"ஏனுங்க, அவர் பேசறது கேக்குதுங்களா?"

அந்த அம்மாள் திரும்பக்கூட இல்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை மட்டும் என் பக்கம் நீட்டி அதட்டினாள்.

"உஸ்ஸ்! செத்த வாய மூடுங்க சாமி. பாவம், அந்த மனுசன் பேசறது எங்காதுல உழுக வேண்டாமா?"

மூடிக்கொண்டேன். என் சம்சாரம் இருட்டில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். யார் அதட்டினாலும் எகிறுகிறவன் நான். அன்றைக்கு அந்த அம்மாள் இருந்த பக்கம் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.