மூடியில் பூசிய சந்தனம்

எங்கள் டிராக்டருக்குச் சாவி கிடையாது. முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். மாமனார் வாங்கிய வண்டி. டீசல் இல்லை, பெட்ரோல். பழைய கார் மாதிரி நாலு பிளக். நாலிலும் பொறி விழுந்தால்தான் ஓடும். வத்திராயிருப்புப் பக்கம் இப்படி ஒரு வண்டி வேறு யாரிடமும் இல்லை. வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருக்கிறார். அதனால் வயலில் ஓட்டுவது நான்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அது எழும்பவில்லை. கொழுந்தன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் பிளக்கை மாற்றினார், பாயிண்டைத் தேய்த்தார், புது பேட்டரி வைத்தார். "இதுக்குச் சாமானே இப்ப வாறதில்லம்மா" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

கொழுந்தன் ராஜபாளையத்தில் பழைய இரும்புக் கடைக்காரரிடம் பேசி முடித்தார். வெள்ளிக்கிழமை லாரி வரும். வீட்டுக்காரரும் போனில் அதையே சொன்னார்.

"ஏட்டி, எந்திரிக்கலன்னா கொடுத்துரு. வாடகை வண்டி வச்சு உழுதுக்கிடலாம்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள எந்திரிச்சா?"

"எந்திரிச்சா உன் வண்டி. யாரு கேக்கப் போறா?"

எனக்கு அந்தச் சொல் போதும்.

பொறிக்குக் கரண்டு கொடுக்கும் காயிலில் இருந்து வரும் நடு வயரைப் பிடுங்கி, அதன் நுனி இஞ்சினை ஒட்டி நிற்கிற மாதிரி கட்டினேன். கொழுந்தனைச் சுற்றச் சொன்னேன். பொறி நீலமாகக் குதித்தது. வயரைத் திரும்பச் சொருகிவிட்டுப் பிளக்கைப் பார்த்தால் பொறி இல்லை. நடுவில் இருப்பது ஒரு கறுப்பு மூடி. வருகிற கரண்டை நாலு பிளக்குக்கும் பங்கு வைப்பது அதுதான். அந்த இடத்தில்தான் எங்கேயோ ஒழுகுகிறது.

வெயிலில் பொறி தெரியாது. சாக்கைத் தலையோடு போர்த்தி மூடிக்கு மேல் குனிந்தேன்.

"மதினி, உள்ள என்ன படமா ஓடுது?"

"ஓடுது. சுத்துங்க."

தெரிந்தது. மூடியின் நடுவில் இருந்து நீலமாக ஒரு இழை கீழே இறங்கி, மூடியைப் பிடித்திருக்கும் இரும்புக் கிளிப்பில் போய் முடிந்தது. இறங்கிய பாதை சந்தனம். எங்கள் வீட்டில் பூஜைக்கு வண்டியைக் கழுவிச் சந்தனம் வைப்பது கொழுந்தன். ஈரம் காயும் முன்னே, ஒரு இடம் விடாமல் பூசுவார்.

"தம்பி, மூடிக்கும் சந்தனம் பூசுனீங்களா?"

"பூசாம? அதுவும் வண்டிதான?"

"கரண்டு அது வழியாப் போகுது."

அவர் வந்து சாக்குக்குள் தலையை விட்டுப் பார்த்தார். நான் சுற்றினேன். வெளியே வந்தவர், "சாமி குத்தமாயிராதுல்லா?" என்றார்.

"சாமி ஒண்ணும் சொல்லாது. துடைங்க."

துடைத்தோம். அடியில் கறுப்பாக ஒரு கோடு தீய்ந்திருந்தது. பொறி அதிலும் ஓடியது. வேறு மூடி வேண்டும்.

மறுநாள் பஸ் ஏறி அதே இரும்புக் கடைக்குப் போய், எந்த வண்டி வீட்டு ஆள் என்று சொன்னேன்.

"நாளைக்கு நாங்கதான் வாரோம்லா? அதுக்குள்ள என்னம்மா அவசரம்?"

"பழைய கார் மூடி ஒண்ணு வேணும். நாலு வயரு."

"விக்கப் போற வண்டிக்கு மூடி வாங்குத ஆள இப்பத்தான் பாக்கேன்."

குவியலில் நானே தேடி எடுத்தேன்.

மூடி அப்படியே உட்காரவில்லை. உட்காரும் பள்ளத்தை அரம் வைத்துத் தேய்த்தேன். கிளிப் எட்டவில்லை. சைக்கிள் டியூபை வெட்டி இழுத்துக் கட்டினேன். மூடிக்குள் ஒரு கரித்துண்டு இருக்கிறது. அது அடியில் சுற்றுகிற தகட்டைத் தொட்டால்தான் கரண்டு போகும். மூடிவிட்டால் உள்ளே பார்க்க முடியாது. தகட்டின் மேல் ஒரு பொட்டு குங்குமம் வைத்து, மூடியை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினேன். கரியின் நுனியில் சிவப்பு இல்லை. உள்ளே இருந்த ஸ்பிரிங்கை இழுத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சிவப்பு ஒட்டியிருந்தது. சுத்தமாகத் துடைத்துவிட்டு மூடினேன்.

வெள்ளிக்கிழமை காலை கொழுந்தன் ஹேண்டிலைப் பிடித்தார். முதல் சுற்றில் சைலன்சருக்குள் டமால் என்று வெடித்தது. அவர் வரப்பு வரைக்கும் ஓடினார். இரண்டு வயர் மாறியிருந்தது. மாற்றிச் சொருகினேன்.

"இனி நான் தொட மாட்டேன் மதினி."

நானே சுற்றினேன். பிடித்துக்கொண்டது.

லாரி வந்தபோது நான் வயலில் உழுதுகொண்டிருந்தேன். கடைக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றார்.

"என் மூடியக் கொண்டே என் யாவாரத்தக் கெடுத்துட்டீகளே!"

"செத்த நேரம் இருங்க. இந்தச் சால் முடியட்டும். காப்பி குடிச்சிட்டுப் போகலாம்."

மத்தியானம் வீட்டுக்காரர் போன் செய்தார். என்ன ஆச்சு என்றார். போனை இஞ்சின் பக்கம் நீட்டினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்குக் கொழுந்தன் சந்தனக் கிண்ணத்தோடு வந்து வண்டிக்கு முன்னால் நின்றார்.

"எங்கெங்க வைக்கணும்னு நீங்களே சொல்லுங்க. உங்க வண்டி."

சக்கரத்தைக் காட்டினேன்.