ருசி பார்த்து எழுதுகிறவர்

பேருந்து நிறுத்தத்தின் கைப்பிடிக் கம்பியை முதலில் தடவிப் பார்த்தார். பிறகு மூக்கை அருகே கொண்டுபோனார். அக்கம்பக்கம் ஒரு பார்வை. சட்டென்று குனிந்து நுனிநாக்கால் ஒரு தொடு. துப்பிவிட்டு, கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து மூன்று வார்த்தைகள் எழுதிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்கு மானம் போயிற்று.

சனிக்கிழமை காலை ஆங்கில வகுப்பில் நானும் அவரும் ஒரே பெஞ்சு. 'செக்கிங் அக்கா' என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். பிஸ்கட் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தரம் பார்க்கும் வேலை. தட்டுக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்துக் காதருகே வைத்து உடைப்பார். சத்தம் சரியாக இருந்தால்தான் அது நாக்குக்குப் போகும். அதற்கும் பிறகுதான் தாளில் கையெழுத்து.

வர்ணனைக் கட்டுரைக்கு எங்கள் டீச்சர் ஒரு விதி வைத்திருக்கிறார். கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியமாவது வேண்டும். அதைச் சமாளிக்கும் வழியை நாங்கள் முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டோம். கைடில் இனிய தென்றல் ஒன்று இருக்கிறது. எங்கே வேண்டுமானாலும் செருகலாம். நான் அதே தென்றலைப் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் பல் மருத்துவமனையிலும் வீசவிட்டு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

அக்காவிடம் அந்த வேலை நடக்காது. சந்தையைப் பற்றி எழுத, சாக்குச் சாக்காக முகர்ந்து கடைக்காரரிடம் திட்டு வாங்கினார். நூலகத்தைப் பற்றி எழுத, பழைய புத்தகம் ஒன்றின் ஓரத்தைக் கடித்தே பார்த்திருக்கிறார்.

"லேசாத்தாங்க," என்றார் என்னிடம். "ஒட்டுன பசை புளிக்குது."

சிக்கல் கடலில் வந்தது. அக்கா பிறந்ததிலிருந்து கடலைப் பார்த்ததில்லை. 'கடற்கரை' என்ற தலைப்புக்கு வெறும் தாளை நீட்டினார். அடுத்த சனிக்கிழமை அந்தக் கட்டுரை வராவிட்டால் தேர்வுக்கு அனுப்பும் பட்டியலில் பெயர் இருக்காது என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். தேர்வில் தேறினால்தான் தொழிற்சாலையில் அறிக்கை எழுதும் மேல் பதவி. வயது வரம்புப்படி அக்காவுக்கு இதுதான் கடைசி வருடம். பாவமாக இருந்தது. என் தென்றலை இரவல் தருகிறேன் என்றேன்.

அக்கா சிரித்தார். "நாக்குல படாத ருசிய எப்படிங்க எழுதறது? அடியில எம்பேரு இருக்குதே."

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, வீட்டுக்காரரையும் இழுத்துக்கொண்டு, ஐந்து மணி நேர ரயிலில் கடலுக்கே போய்விட்டார். அந்த மனிதருக்குத் தண்ணீர் என்றால் பயம். நாள் முழுக்க இருவர் செருப்புக்கும் காவல் இருந்தாராம்.

மறுநாள் ஸ்டேஷனிலிருந்து நேராக வகுப்புக்கு வந்தார். காது மடலில் இன்னும் மணல். டீச்சர் பட்டியலை மேசையில் விரித்துக்கொண்டு வாசிக்கச் சொன்னார்.

அக்கா எழுந்து, ஒவ்வொரு ஆங்கில வார்த்தையையும் பிஸ்கட் மாதிரி நிறுத்தி நிறுத்தி உடைத்து வாசித்தார். 'பியூட்டிஃபுல்' ஓரிடத்திலும் இல்லை. தென்றலும் இல்லை. படகுகளின் டீசல் வாடை இருந்தது. உதட்டில் உப்புக் காய்ந்து தோல் இழுப்பது இருந்தது. திரும்பும் அலையில் கிளிஞ்சல்கள் உரசிக்கொள்ளும் சத்தம், பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுவதுபோல் இருந்ததாம். நான் நாலைந்து தடவை கடலுக்குப் போனவன். அந்தச் சத்தம் எனக்கு இப்போதுதான் கேட்டது. வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

இலக்கணம் இரண்டு இடத்தில் நொண்டியது. டீச்சர் திருத்தவில்லை. பட்டியலின் கடைசி வரியில் அக்காவின் பெயரை எழுதிவிட்டு, பேனாவை மூட மறந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

கட்டுரையில் பெரிய அலை ஒன்று வந்து கணுக்காலை நனைத்தது. திரும்பும்போது குதிகாலுக்கு அடியிலிருந்த மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவியது.

டீச்சர் தன் இரண்டு கால்களையும் தரையிலிருந்து மெல்லத் தூக்கி, நாற்காலியின் குறுக்குக் கட்டைமேல் வைத்துக்கொண்டார்.