தேவன் அண்ணனின் வண்டியும் கலாதேவியின் கையெழுத்தும்

கலாதேவி ஜெயித்ததை எல்லாம் முதலில் சொல்லிவிட வேண்டும். சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்து, பள்ளியில் கணக்குப் பாடத்தில் தோற்றவள், தொழிற்பயிற்சிக் கழகத்தில் மோட்டார் வயரிங் வகுப்பில் இடம் பிடித்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். "நகம் உடைஞ்சா அழுவியா?" என்று கேட்ட பையன்களுக்கு முன்னால் தேர்ச்சி பெற்றாள். ஈப்போவில் ஜைனுலாப்தீன் பாய் தன் பட்டறையில், "ஒரு மாசம் பாப்போம்லா" என்று இழுத்துக்கொண்டே சேர்த்தவர், பிறகு அவளை வேறு எங்கும் போக விடவில்லை. புந்தோங்கில் நடந்த கயிறு இழுக்கும் போட்டியில், எதிர்ப்பக்கம் இரண்டு போலீஸ்காரப் பெண்கள் நின்றும், கோப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

ஒன்று மட்டும் கைக்கு வரவில்லை. அந்தப் பட்டறையில் வேலை முடிந்த வண்டிக்கு ஓர் அட்டை கொடுப்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டவர்தான் வேலைக்குப் பொறுப்பு. வண்டி யார் கைபட்டுச் சரியானாலும் அட்டையில் பாயின் கையெழுத்துதான் இருக்கும்.

அப்போதுதான் சுங்கை சிப்புட்டில் லோரி வைத்து ஓட்டும் தேவன், புது வெளிநாட்டு எஸ்யூவியைக் கொண்டுவந்தார். மின்கோளாறு. பாய் சாவியைக் கலாதேவியிடம் நீட்டினார்.

"இத நீ தனியா பாரு. இதே கோளாறோட வண்டி திரும்பி வரலேன்னா, இனிமே உன் வேலைக்கு நீயே சைன் பண்ணு."

சீட்டுக்கு அடியில் இருந்த கட்டுப்பாட்டுப் பெட்டியில் ஈரம் ஏறியிருந்தது. அதைக் காயவைத்து, பச்சை பூத்த முனைகளைத் துடைத்து, புது சாக்கெட் போட்டாள். அட்டையை எடுக்கப் போனவளைப் பாய் தடுத்தார். "பொறு. ஒரு வாரம் ஓடட்டும்."

வாரம் முடியுமுன் வண்டி வந்துவிட்டது, வைப்பர் வெயிலில் ஆடிக்கொண்டே.

"தங்கச்சி, இதுக்குப் பேய் பிடிச்சிருச்சு!" என்றார் தேவன், இறங்கும்போதே. "கோயில் வாசல்ல பின்கதவு தானா தொறக்குது. ரோட்ல போறப்ப சீட்டு முன்னால நகந்து என் வயித்த ஸ்டியரிங்ல வச்சு அமுக்குது. 'வண்டிக்கே உங்க தொப்பை பிடிக்கல'ங்குறா என் சம்சாரம்."

பாய் சிரித்தார். பிறகு கலாதேவியைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ வந்தா, நீ பழையபடி லைட்டு, ஹாரன் வேலைய மட்டும் பாரு. வருத்தப்படாதே" என்றார்.

வருத்தப்படாமல் எப்படி இருப்பாள்? கார்ப்பெட்டைத் தூக்கினாள். அவள் காயவைத்த இடம் மறுபடியும் சொதசொதவென்று நனைந்திருந்தது. அப்போதுதான் புரிந்தது. வயர்காரி இல்லையா, வயரையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்கவே இல்லை.

"அண்ணே, மழையில வண்டி எங்க நிக்கும்?"

"வீட்டு வாசல்ல. போர்ச்சுல மருமக காரு நிக்குதுல்ல."

கலாதேவி கூரைக் கண்ணாடியைத் திறந்தாள். அதைச் சுற்றி மழைநீர் வடிய ஒரு பள்ளம் உண்டு. அதன் மூலைகளில் குழாய்கள் தொடங்கி, தூணுக்குள்ளே இறங்கி, வண்டிக்கு அடியில் தண்ணீரை விட்டுவிடும். ஒரு மூலையில் குவளைத் தண்ணீர் ஊற்றினாள். டயர் பக்கம் சலசலவென்று கொட்டியது. டிரைவர் பக்கத்து மூலையில் ஊற்றினாள். தண்ணீர் அப்படியே குளமாக நின்றது; மழை கூடினால் வழிந்து வண்டிக்குள்தான் இறங்கும்.

புல் வெட்டும் மெஷினில் போடும் நைலான் கயிற்றைக் குழாய்க்குள் மெல்ல விட்டு ஆட்டி இழுத்தாள். மஞ்சளாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு வந்தது.

"என்னம்மா அது, பொங்கலா?" என்றார் பாய்.

கலாதேவி விரலில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். மஞ்சள் அரிசி. ஊறிப் பருத்திருந்தது.

"அட்சதை பாய்! தேவன் அண்ணே, உங்க மகன் பவித்ரன் கல்யாணத்துக்கு இந்த வண்டிதானே?"

"ஆமா. கூரையத் தொறந்து நின்னுக்கிட்டுதான் வருவேன்னு அடம் பிடிச்சான். மாப்பிள்ளையாச்சே, நானும் விட்டுட்டேன். மண்டப வாசல்ல சொந்தக்காரங்க எல்லாரும் அள்ளி அள்ளிப் போட்டாங்க."

"தலையில விழுந்தது கொஞ்சம், வண்டிக்குள்ள போனது நிறைய" என்றாள் கலாதேவி.

"அதான் சீட்டுக்கே கால் முளைச்சிருக்கு!" என்றார் பாய். தேவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

நான்கு மூலைகளையும் சுத்தம் செய்தாள். இந்த முறை அட்டைப் பக்கமே திரும்பவில்லை. "மழை பெய்யட்டும்" என்று வண்டியை முற்றத்தில் விட்டாள். சாயங்காலம் ஈப்போ மழை தகரக் கூரையை உடைப்பது போல் கொட்டியது. உள்ளே உட்கார்ந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் கையை வைத்துக்கொண்டே இருந்தாள். காய்ந்து கிடந்தது. மறுநாளும் மழை. மறுநாளும் காய்ந்தே கிடந்தது. சீட்டு அசையவில்லை, கதவு திறக்கவில்லை. "இன்னொரு மழை பாப்போமா பாய்?" என்று கேட்டவளைப் பாய் முறைத்தார்.

"போதும்லா! ஊரு வெள்ளத்துல போனாத்தான் நம்புவியா?"

அட்டையையும் தன் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். கலாதேவி கிரீஸ் கையை இரண்டு தரம் கழுவி, துடைத்து, அப்பா பெயரையும் சேர்த்து, ஓர் எழுத்தும் கலங்காமல் போட்டாள்: கலாதேவி மாயாண்டி. பக்கத்தில் தேதியையும் எழுதினாள்.

21 நவம்பர் 2023, செவ்வாய்க்கிழமை.