சிவந்த நெஞ்சுக் கடற்காகம்

ஆயுத பூசைக்கு மறுநாள் எனக்கு விடுமுறை. கீரனூரிலிருந்து விடியற்காலையிலேயே நண்பனின் பைக்கில் ஜெகதாப்பட்டினத்துக்குப் போய்விட்டோம். வலசை வரும் கடற்காகங்களை, அதாவது சீகல் பறவைகளை, எண்ணுவது என் வேலை. பைக் ஓட்டுவதும் அலுத்துக்கொள்வதும் அவன் வேலை.

மீன் இறக்கும் தளத்தில் நாற்பது ஐம்பது பறவைகள் நின்றன. எல்லாம் வழக்கமான பழுப்புத்தலைக் கடற்காகங்கள். பெயர்தான் பழுப்புத்தலை. இங்கே வரும் காலத்தில் தலை வெள்ளையாகி, காதருகே ஒரு கரும்புள்ளி மட்டும் மிஞ்சியிருக்கும். ஓரமாக நின்ற ஒன்றுக்கு மட்டும் நெஞ்சு இளஞ்சிவப்பு. பைனாகுலரைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். சிவப்புதான். ஒல்லியான அலகுள்ள இன்னோர் இனத்துக்கு அப்படி ரோஸ் நிறம் ஓடும் என்று கையேட்டில் படித்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் அதை யாரும் பார்த்ததாக எனக்குத் தெரியாது.

எங்கள் பறவைக் குழுவில், ஒரு பறவையை முதலில் பதிந்தவர் பெயர் அதனோடு நிற்கும். எங்கள் வீட்டில் பெயர் எழுதப் படித்த முதல் ஆள் நான். அதனால் அந்த ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகம். ஆனால் போன வருடம்தான் ஓர் உள்ளான் பறவையைத் தப்பாக அடையாளம் சொல்லி, குழுவில் மூத்த ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை தப்பினால் என் பதிவு எதையும் நம்ப மாட்டார்கள். குழுவுக்கான செய்தியைப் போனில் அடித்து, அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

"அனுப்பு மாப்ள. யாரு வந்து பாக்கப்போறா?"

"அலகு ஒல்லியாத் தெரியலடா. காதுப் புள்ளியும் இருக்கு."

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு நேரம் மூக்கப் பாக்க மாட்டான்."

அதற்குள் இன்னொன்றும் சிவந்த நெஞ்சோடு வந்து நின்றது. ஒன்று அபூர்வம். இரண்டு?

பக்கத்தில் மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த அக்கா தலை நிமிர்ந்தார். "அங்கிட்டு என்ன தம்பி பாக்குறீங்க?"

"அந்தப் பறவைக்கு நெஞ்சு செவப்பா இருக்குக்கா."

"நேத்து மீன்புடி போட்டுக்கெல்லாம் பூச போட்டு, பூசணிக்காய்க்குள்ள குங்குமத்தக் கொட்டி ஒடச்சாங்கள்ல. மீன் ஐஸ் உருகுன தண்ணியில அந்தக் குங்குமம் கரஞ்சு பள்ளத்துல நிக்குது. அதுல குளிக்குதுக. எங்க வீட்டு நாயும் காலையில இப்புடித்தான் வந்து நின்னுச்சு."

"அந்த நாயையும் குழுவுல போட்டுவிடு" என்றான் நண்பன்.

பள்ளத்தை நோக்கி நடந்தேன். பறவைகள் எழும்பின. சிவந்த இரண்டுக்கும் கருத்த சிறகு நுனியில் வெள்ளைப் பொட்டுகள் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் பொட்டு ஒல்லி அலகு இனத்துக்குக் கிடையாது. பழுப்புத்தலையேதான். பள்ளத்தில் பூசணிச் சில்லுகள் மிதந்தன, தண்ணீர் ரோஸாக இருந்தது.

அடித்து வைத்த செய்தியை அழித்தேன். சும்மா விடவும் மனம் வரவில்லை. நாளைக்கு வேறு யாராவது இதைப் பார்த்து ஏமாறலாம். பள்ளத்தையும் பறவையையும் படம் எடுத்து, நான் ஏமாறப்போன கதையைச் சேர்த்து அனுப்பினேன்.

சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். உள்ளானுக்கு என்னைக் கண்டித்த அதே ஆள்தான் முதலில் எழுதினார்: "இறகில் குங்குமம் எத்தனை நாள் நிற்கும்?"

தெரியாது என்று உண்மையைச் சொன்னேன். "நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் பெயரிலேயே பதிந்துவிடலாம்" என்றார்.