மூடின சீட்டு

எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கிவிட்டேன். இன்று அந்த மாலையைக் கண்முன்னே நடப்பதுபோல எழுதுகிறேன்.

கொழும்பில் வெள்ளவத்தை. மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை தங்கியுள்ள விடுதி. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில் கோச்சியில் வந்த களைப்போடு, மகளின் சாதகத்தை மடியில் வைத்தபடி விறாந்தையில் இருக்கிறேன். அவரும் கந்தோரில் கூட வேலைசெய்யும் நண்பர்களும் நெருப்புக்குச்சிகளைப் பந்தயம் வைத்துப் போக்கர் ஆடுகிறார்கள். முருகா, இது சூதல்லவா என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறேன்.

அவருக்கு முன்னே நான்கு சீட்டுகள் திறந்திருக்கின்றன. நான்கும் ஒரே இனம். ஐந்தாவது மூடியிருக்கிறது. எனக்குத் தெரிந்ததோ, மற்றச் சீட்டுகளை வெட்டும் துரும்பை மூடிவைத்து ஆடும் முந்நூற்றுநாலு ஆட்டம் மட்டுந்தான்.

"தம்பி, அந்த மூடின சீட்டுத்தான் துரும்போ?"

நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

"இதில துரும்பு இல்லை ஐயா. அஞ்சும் ஒரே இனமெண்டா பெரிய கை. போக்கரில இன்னொரு வகையில அஞ்சையும் மூடிப் பிடிச்சு, வேண்டாததை மாத்தலாம். இதில மாத்தேலாது. நல்ல சீட்டு இருக்கிற மாதிரி இருக்கவேணும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டியும் அப்பிடித்தான்."

"எங்களிட்டையும் ஏதும் மறைச்சிருக்கிறீரோ?"

அவர் அந்தச் சீட்டைத் திருப்பி வைக்கிறார். வேறு இனம்.

"ஓம் ஐயா. எனக்குச் சயரோகம் வந்து, மருந்தெடுத்து மாறினது. உங்களிட்டைச் சொல்லவேண்டாம் எண்டு எங்கட வீட்டில சொன்னவை."

சாதகத்தை அவரிடம் கொடுக்கிறேன். "இதை மகளிட்டையும் நீர்தான் வந்து சொல்லவேணும்."

நோயை மறைத்து என் மகளைக் கட்டினார் என்று ஊரில் இன்றும் கதைக்கிறார்கள். சீட்டைத் திருப்பியவர் அவர்தான். இதை யாரிடம் சொன்னாலும், முருகன் பேரில் கேட்கிறேன், அந்த இடத்தை மாற்றாமல் சொல்லுங்கள்.