மலைக்கு ஒரு அடுப்பு

என் வீட்டுக்காரருக்கு ஒரு அடுப்பைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாதம் பிடித்தது. பெண் பார்க்க வந்தபோது என்னைத் தேர்ந்தெடுக்க அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புத் தொழிற்சாலையில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், சென்னைப் பையன்கள் முதுகில் மூட்டை மூட்டையாகப் பையை மாட்டிக்கொண்டு நாகலாபுரம் மலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். அவர்களை பஸ்ஸில் பார்த்துவிட்டு வந்தவர், "நாமளும் போலாம். நம்ம வெல்டரும் அவன் சம்சாரமும் வராங்க. மலை மேலயே ஆக்கித் தின்னுட்டு வரலாம்" என்றார்.

"யாரு ஆக்கறது?" என்றேன். எனக்கு அது ஒன்றுதான் கேள்வி. முதல் ஷிப்ட்டுக்காக விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து சோறு கட்டிக் கட்டியே ஆறு வருடம் ஓடியிருந்தது. கல்யாணப் பந்தியைத் தவிர வேறெங்கும் என் கை படாத சோற்றை நான் தின்றதில்லை.

"நான்தான். நீ கரண்டியத் தொடவே கூடாது. மகாராணி மாதிரி உக்காந்துக்கினு இரு."

அந்த ஒரு வேளைச் சோற்றுக்காகத்தான் சம்மதித்தேன். மலையாவது, அருவியாவது.

வீட்டில் பித்தளை பம்ப் ஸ்டவ் ஒன்று இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு போகலாம் என்று முதல் நாளே சொன்னேன். "அது இன்னா கனம் தெரியுமா? மலை ஏறணும்மா, மார்க்கெட்டுக்கா போறோம்?" என்றார். திரி ஸ்டவ் காற்றுக்கு நிற்காதாம். ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பையன்கள் சமைக்கிற சின்ன சிலிண்டரை இரவல் வாங்கிவந்து, தோளில் வைத்துக்கொண்டு மாடிப்படியை நாலு முறை ஏறி இறங்கினார். ஐந்தாவது முறை ஏறவில்லை. இடுப்புக்கு நான்தான் தைலம் தேய்த்தேன். பிறகு ரயிலேறிப் பாரிமுனைக்குப் போய், வெளிநாட்டு கேஸ் டப்பா அடுப்பு ஒன்றைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். "டப்பா தீர்ந்துபோச்சின்னா நம்மூர்ல எவன் வெச்சிருப்பான்?" ஒரு வேளைச் சோறு ஆக்கப் போகிற மனிதர் ஆயுசுக்கும் சேர்த்து யோசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு அடுப்புக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. எனக்குப் பேஜாராகிவிட்டது.

கடைசியில் அவரும் வெல்டரும் தாங்களே ஒன்றைச் செய்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். சூப்பர்வைசரைக் கேட்டு, கழித்துப்போட்ட எவர்சில்வர் தகட்டை வாங்கி, சாப்பாட்டு நேரங்களில் உட்கார்ந்து செய்தார்கள். மண்ணெண்ணெய்க்கு ஒரு டாங்க், மேலே பர்னர், மூன்று கால். குறை சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. "பித்தளை ஸ்டவ்ல பாதி கனம் இல்ல பாரு" என்று என் உள்ளங்கையில் வைத்தார். பட்டறையில் மூன்று முறை எரித்துப் பார்த்தார்களாம். நீலமாக எரிந்ததாம். எப்படி இவ்வளவு லேசாக வந்தது என்று நானும் கேட்கவில்லை.

புதுவாயலில் பஸ் பிடித்து, ஊத்துக்கோட்டையில் மாறிப் போனோம். வெயிலில் ஏறி ஒரு சுனையோரம் சேர்ந்ததும் நானும் வெல்டர் மனைவியும் பாறை மேல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டோம். அவர் அரிசி கழுவினார். டாங்கில் மண்ணெண்ணெய் ஊற்றி மூடியைத் திருகினார். பர்னரைச் சூடு பண்ணினார். பிறகு அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே வலது கையைத் தலைக்கு மேல் நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

"இன்னாங்க தேடறீங்க?"

"ஏர் ஹோஸு" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது.

அவர்கள் பட்டறையில் தூணுக்குத் தூண் காற்றுக்குழாய் தொங்கும். கையை நீட்டினால் காற்று. மூன்று முறையும் அந்தக் குழாயைச் சொருகித்தான் டாங்கில் காற்றடைத்திருக்கிறார்கள். அடுப்புக்குப் பம்ப் என்று ஒன்று வேண்டும் என்பது, வருடக்கணக்காகக் கம்ப்ரஸர் காற்றிலேயே வேலை பார்த்த இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. அது அவ்வளவு லேசாக இருந்ததும் அதனால்தான்.

வெல்டர் டாங்கில் வாயை வைத்து ஊதிப் பார்த்தார். வாயெல்லாம் மண்ணெண்ணெய் ஆனதுதான் மிச்சம்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பசியால் இல்லை, அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்ததால். இரண்டு பேரும் கல்லைக் கூட்டி, ஈரச் சுள்ளியை வைத்து, புகை கிளப்பி, இருமிக்கொண்டே என்னைப் பார்த்தார்கள். கூப்பிடவும் இல்லை. அது இன்னும் எரிச்சல். கூப்பிட்டிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம். என் பாழாய்ப்போன கால் தானாக எழுந்தது.

வெல்டர் மனைவி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருக்கா. நீ எழுந்துகினா அவ்ளோதான், அந்த அடுப்பும் உன்னுதாயிடும்."

உட்கார்ந்தேன். அவ்வளவு கஷ்டப்பட்டு நான் உட்கார்ந்ததே இல்லை. காய்ந்த சருகை அடியில் வையுங்கள் என்று நாக்கு நுனிவரை வந்ததைக் கடித்து விழுங்கினேன். வெயில் சாய ஆரம்பித்த பிறகுதான் சோறு இறங்கியது. தட்டில் போட்டு, ஊறுகாயை ஓரத்தில் வைத்து, அவரே கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். அடியில் தீய்ந்திருந்தது, மேலே அரிசியாகவே இருந்தது, உப்பும் இல்லை. அவர் முகமெல்லாம் கரி.

"எப்படி கீது?"

"கேவலமா கீது" என்றேன். அவர் முகம் செத்துவிட்டது. நான் தட்டை வழித்துத் தின்று முடித்து, இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி நீட்டினேன்.