ஜெயிலுக்குப் போனவர் மேல் பொறாமை

போன ஞாயிறு அருப்புக்கோட்டையில் ஒரு வாசகர் கூட்டம். ஆளுக்கொரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். நான் எடுத்தது 'சிறை'. என் மனைவியும் வந்திருந்தாள். என் பத்தியை ஒரு வாரம்கூட முழுசாகப் படிக்காதவள்... அன்றைக்காவது அசந்துபோக வேண்டும் என்று மூன்று நாள் அகராதிகளோடு குடித்தனம் நடத்தியிருந்தேன்.

ஜெயில் என்ற சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது, 'சின்னக் கூண்டு' என்று அர்த்தம் என்றேன். நம் சிறைக்குத் தடுத்து வைப்பது என்று பொருள்; தண்ணீரைத் தடுக்கும் கரைக்கும் பழைய தமிழில் அதே பெயர் என்றேன். பறவையின் இறக்கைக்கும் அதே சொல்தான்... இங்கே கைதட்டல் வரும் என்று கொஞ்சம் நிறுத்தினேன். ஃபேன் சத்தம்தான் கேட்டது.

அடுத்து செல்வராசு. மல்லாங்கிணறு பக்கம், நூல் லோடு ஏற்றும் வேன் டிரைவர். குடிதண்ணீர் கேட்டு மறியல் செய்து பத்து நாள் ஜெயிலில் இருந்தவராம். அவரும் அதே சொல்லைத்தான் எடுத்தார். கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

"அந்த வார்த்தைய எங்கம்மா கடைசிவரைக்கும் சொல்லல. கேட்டவுககிட்டயெல்லாம், எம்மகன் ஈரோட்டுக்கு லோடு கொண்டு போயிருக்கான்னு சொல்லியிருக்கு. நான் வந்து எறங்குன அன்னைக்கு, பக்கத்து வீட்டுக்காரவுக முன்னால எங்கிட்டயே கேட்டுச்சு, ஈரோட்டுல மழையான்னு. ஆமாம்மா, நல்ல மழைன்னேன்."

அவ்வளவுதான் பேச்சு. என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கு வயிறு எரிந்தது. ஜெயிலுக்குப் போனதற்காக ஒருவர் மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். நாமும் ஒரு மறியலில் போய் உட்கார்ந்திருக்கலாமே என்றுகூடத் தோன்றியது. அடுத்தவர் கார் மேல் ஆசை வந்தால் அதுபோல ஒன்று வாங்கிவிடலாம். அடுத்தவர் பட்ட பாட்டின் மேல் வந்தால் எந்தக் கடையில் போய்க் கேட்பது?

திரும்பும்போது பஸ்ஸில், என் பேச்சு எப்படி என்று கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது என்றாள், ஜன்னலைப் பார்த்தபடி. கொஞ்ச தூரம் போனதும், அந்த அம்மா பத்து நாளும் வாசலிலேயே உட்கார்ந்திருப்பார்களோ என்றாள்.

நேற்று இந்தப் பத்தியை எழுதி மேஜையில் வைத்திருந்தேன். எடுத்து முழுசாகப் படித்தாள் — முதல்முறையாக!

"அவுக சொன்னத அப்படியே எழுதிருக்கீங்க. நல்லாருக்கு. அந்தக் கூண்டு, இறக்கையெல்லாம் மட்டும் எடுத்துருங்களேன்."

எடுக்கவில்லை. இதில் என்னுடையது அது ஒன்றுதானே!